நாய்க்கு ஸ்வெட்டர்: வாங்கலாமா, தைக்கலாமா, பின்னலாமா?

மதுரையில் நாய்க்கு ஸ்வெட்டரா என்று சிரிப்பவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. மார்கழி விடியற்காலையிலும் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நாம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற அந்த நேரம், நாய்க்கு வருடத்திலேயே சுகமான நேரம். அதன் உடல்சூடு நம்முடையதைவிட அதிகம். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்கு இயல்பு. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வசதியும் அதற்குக் கிடையாது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் வழி.

மீதிப் பாதி, நாயைப் பொறுத்தது. பொமரேனியன் என்று சொல்லி நம் தெருக்களில் வளர்க்கிற ஸ்பிட்ஸ் நாய்க்கு அடிமயிர், மேல்மயிர் என்று இரண்டு அடுக்கு உண்டு. அதற்கு மேலே ஒரு ஸ்வெட்டர் என்றால் பாவம். ஷிட்ஸூவுக்கும், மயிரை ஒட்ட வெட்டிவிடாத வரைக்கும் தேவையில்லை. பக் குட்டை மயிர்தான், ஆனால் சப்பை மூக்கு. மூச்சிரைத்துச் சூட்டை வெளியே தள்ளுவதே அதற்குப் பெரும்பாடு. மதுரையில் பக் வளர்ப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு அதற்கு ஃபேனைப் போட்டுவிடலாம்.

யாருக்குத்தான் வேண்டும்? மினியேச்சர் பின்ஷர், டேஷண்ட், சிவாவா மாதிரி ஒட்டிய மயிரும் சின்ன உடம்பும் உள்ளவற்றுக்கு. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் சூடு சீக்கிரம் போய்விடும். அப்புறம் வயதாகி மூட்டு இறுகிப்போன நாய், சொறிக்கு மருந்து போட மயிரை மழித்த நாய், எஜமானரோடு ஏ.சி. அறையில் விடிய விடியக் கிடக்கிற நாய், லீவுக்குக் கூடவே காரில் ஏறிக் கொடைக்கானல் போகிற நாய். மதுரை கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100. ஜனவரி இரவில் அங்கே 10 டிகிரிக்குக் கீழே போகும், சில நாள் ஏரிப்பக்கத்துப் புல்லில் உறைபனியே படியும்.

எங்கள் மதினி வீட்டு டேஷண்ட் இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் வருகிறான். வயது பத்தைத் தாண்டியாயிற்று. பொங்கல் லீவுக்குக் கொடைக்கானலும் போகிறான். “ஒனக்குத்தான் கொக்கி ஊசி கையிலயே ஒட்டிக்கெடக்கே, இவனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்தா என்ன?” என்றார் மதினி. போட்டுக் கொடுக்கலாம். ஆனால் நாய்க்கு உடுப்பு என்றால் பின்னுவது ஒன்றுதானா? கடையில் கிடைக்கிறது, பழைய துணியை வெட்டலாம், டெய்லரிடம் கொடுக்கலாம். கொக்கி ஊசியால் குரோஷே பின்னுவது எனக்குப் பிடித்த வேலை, அதன் பக்கம்தான் சாய்வேன் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. அப்படியிருந்தும் மதுரைக்குள்ளேயே போடுகிற உடுப்புக்கு என் ஓட்டு பின்னலுக்கு இல்லை. மலைக்குப் போகிறதென்றால்தான் பின்னல்.

கடையில் வாங்குவது

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. செல்லப்பிராணிக் கடையிலும் ஆன்லைனிலும் விதவிதமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் ஃபிளீஸ் துணி, லேசாக இருக்கும், துவைத்தால் சீக்கிரம் காயும். சிக்கல் எல்லாம் அளவில்தான். ஸ்மால், மீடியம் என்பதற்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு கணக்கு. டேஷண்டுக்கு முதுகு நீளம், கால் குட்டை. நெஞ்சுக்குச் சரியாக எடுத்தால் முதுகு பாதியோடு நின்றுவிடும், முதுகுக்கு எடுத்தால் கழுத்து தொளதொள என்று தொங்கும். பின்ஷருக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். பின்பக்கம் பாவாடை மாதிரி விரியும். வாங்குவதானால் ‘ஸ்மால்’ என்ற எழுத்தை நம்பாமல் நெஞ்சுச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது இல்லாத சரக்கை விட்டுவிடுங்கள். உங்கள் நாய் சராசரி உடல்வாகோடு இருந்து, வருடத்துக்கு நாலு நாள்தான் போடப் போகிறீர்கள் என்றால் இதுவே போதும், வேறு எதற்கும் மெனக்கெட வேண்டாம்.

பழைய துணியை வெட்டுவது

காசும் செலவாகாது, அரை மணி நேரத்தில் வேலையும் முடியும். பெரியவர்களின் பழைய ஸ்வெட்டரில் ஒரு கையை அப்படியே வெட்டி எடுத்தால், மணிக்கட்டில் இறுக்கமாக இருக்கிற பட்டை நாயின் கழுத்துக்கு, அகலமாகிக்கொண்டே போகிற பகுதி உடம்புக்கு. முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை போட்டால் சிவாவாவுக்கோ குட்டிக்கோ ஸ்வெட்டர் தயார். டேஷண்டுக்குக் கை பத்தாது.

கைக்குழந்தை ஸ்வெட்டரும் சிலருக்குப் பரணில் இருக்கும். அதை மாட்டும்போது பட்டன் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி மாட்ட வேண்டும். குழந்தைக்குக் கை பக்கவாட்டில் வருகிறது, நாய்க்கு முன்னங்கால் நெஞ்சுக்குக் கீழே வருகிறது. நேராக மாட்டினால் கழுத்து பின்னால் இழுபடும், நடக்கும்போது அக்குளில் வெட்டும். கைப்பகுதியைப் பாதியோடு வெட்டி எறிந்துவிடுங்கள்.

வெட்டிய இடமெல்லாம் பிரிந்துகொண்டே வரும் என்பதுதான் இந்த வழியின் குறை. கொக்கி ஊசி பிடிக்கத் தெரிந்தால் அந்த ஓரத்தில் சிங்கிள் என்கிற எளிய குரோஷே தையலை ஒரு சுற்றுப் போட்டு அடைத்துவிடலாம். தெரியாதவர்கள் திருப்பூர் டி-ஷர்ட் துணியை எடுத்துக்கொள்வது நல்லது. வெட்டினாலும் ஓரம் லேசாகச் சுருண்டுகொள்ளுமே தவிர நூல்நூலாகப் பிரிந்து ஓடாது.

ஆபரேஷன் முடிந்து தையலை நக்காமலிருக்க உடம்பை மூடச் சொல்வார்களே, அதற்கும் இந்த டி-ஷர்ட் துணிதான். பின்னிய உடுப்பின் கண்ணில் நகம் மாட்டும், தையல்முடிச்சும் மாட்டும். அந்த வேலைக்கு எவ்வளவு ஆசையிருந்தாலும் கொக்கி ஊசியை எடுக்காதீர்கள்.

சுங்குடியும் டெய்லரும்

மதுரைக்குள்ளேயே இருக்கிற நாய்க்கு நான் சொல்வது இதைத்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சுங்குடிச் சேலை ஒன்று எல்லோர் வீட்டிலும் கிடக்கும். இரண்டு மடிப்பாகப் போட்டு, முதுகை மட்டும் மூடுகிற மாதிரி ஒரு கோட்டு. கழுத்தில் ஒரு பட்டை, வயிற்றுக்குக் கீழே ஒரு பட்டை, அவ்வளவே. குளிர் உறைக்காத அளவுக்குக் காக்கும், காற்றும் போகும். ஏ.சி. அறைக்கு இது தாராளம். மழித்த தோலுக்கும் கம்பளியைவிடப் பழைய பருத்தி எவ்வளவோ மேல், உறுத்தாது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். சாமிக்குப் பாவாடை, பரதநாட்டிய உடுப்பு, ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்குப் புலி வேஷம் என்று எதைக் கேட்டாலும் தைத்துப் பழகிய கைகள் அவை. நாய்க் கோட்டு என்றால் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு அளவு கேட்பார்கள். பேப்பரில் வெட்டிய மாதிரியோடு போனால் வேலை சுலபம். பழைய நியூஸ்பேப்பரை நாயின் முதுகில் போட்டுப் பென்சிலால் வரைந்து, வெட்டி, மறுபடி போட்டுப் பாருங்கள். இதற்கு நாய் அசையாமல் நிற்க வேண்டும்; ஒருவர் பிஸ்கட் காட்ட, ஒருவர் வரைய என்று இரண்டு ஆள் வேலை.

முதுகு மட்டும் போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மத்தியானத்தில் உங்கள் நாய் எங்கே படுக்கிறது என்று பாருங்கள். மொசைக் தரையில், நாலு காலையும் விரித்து, வயிற்றை அப்படியே தரையோடு ஒட்டி. வயிற்றில் மயிர் குறைவு, தரையின் குளுமை நேராக ஏறும். அந்த இடத்தை மூடிவிட்டால் நாய் தன்னைத்தானே குளிர வைத்துக்கொள்கிற வழி ஒன்றை நாம் அடைத்துவிட்ட மாதிரி. சமவெளியில் எந்த உடுப்பானாலும் வயிறு திறந்திருக்கட்டும்.

பின்னுவது

இனி மலைக்குப் போகிற கதை. இங்கே முதுகுக் கோட்டு பற்றாது. நெஞ்சும் வயிற்றின் முன்பாதியும் மூடியிருக்க வேண்டும், கழுத்தில் காற்று புகக் கூடாது, உடம்போடு ஒட்டியும் இருக்க வேண்டும், காலை எடுத்து வைக்கவும் விட வேண்டும். இத்தனையும் ஒரே உடுப்பில், அதுவும் கடை அளவு எதிலும் அடங்காத ஒரு டேஷண்டுக்கு வேண்டுமென்றால் பின்னல்தான் வழிக்கு வரும். போட்டுப் பார்த்து, பிரித்து, இரண்டு வரிசை கூட்டி, மறுபடி போட்டுப் பார்க்கலாம். தைத்த துணியில் இது நடக்காது.

இரட்டை ஊசியா, கொக்கி ஊசியா என்றால், நியாயமாகப் பார்த்தால் ஸ்வெட்டருக்கு இரட்டை ஊசிப் பின்னல்தான் ஒரு படி மேலே. அது நன்றாக இழுபடும், மெல்லிசாக வரும், நூலும் குறைவாகப் பிடிக்கும். குரோஷே துணி கொஞ்சம் தடிமன், இழுவை குறைவு. ஆனால் ஊசியில் எப்போதும் ஒரே ஒரு கண்தான், அதாவது ஒரே ஒரு நூல் வளையம்தான் நிற்கும். நாய் வந்து மடியில் ஏறி ஊசியைத் தட்டிவிட்டாலும் ஒரு கண்ணுக்கு மேல் போகாது. இரட்டை ஊசியில் அத்தனை கண்ணும் ஊசியிலிருந்து நழுவிவிடும். நாய் இருக்கிற வீட்டில் நாய்க்குப் பின்னுகிறவர்களுக்கு இது சாதாரணச் சௌகரியம் இல்லை. கால் ஓட்டையைப் பெரிதாக்க, சிறிதாக்க, ஓரத்தில் நேராகப் பட்டை எடுத்துப் பின்னவும் கொக்கி ஊசியே லேசு. இழுவை குறைவு என்பதை மனதில் வைத்துக் கால் ஓட்டையைத் தாராளமாக விட்டுவிட்டால் மற்றது சரியாகிவிடும்.

ஊசியை எங்கும் தேட வேண்டாம். போனி பிராண்டு ஊசிகள் நம் நீலகிரியில் கேத்தியில் இருக்கிற தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. 4 அல்லது 4.5 மி.மீ. அலுமினிய ஊசி இந்த வேலைக்குச் சரி.

நூல்தான் பெரிய முடிவு. கடையில் போய் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துப் போடுகிறதில் பெரும்பகுதி ஆட்டு மயிரே இல்லாத அக்ரிலிக். அம்மாக்கள் காலத்தில் கேஷ்மிலான் என்று வாங்கியதும் அதே அக்ரிலிக்தான். லூதியானாவிலிருந்து வருகிற வர்த்தமான், ஓஸ்வால் உருண்டைகளில் லேபிளைப் படித்தால் தெரியும். லேபிள் இல்லாவிட்டால் ஒரு சாண் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால் தலைமயிர் கருகிய நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகிப் போகும்.

நான் நூல் வாங்கப் போனபோது கடைக்காரர் மென்மையான பேபி உல்லனாக எடுத்துப் போட்டுவிட்டு, “குழந்தைக்கு எத்தனை மாசம்மா?” என்றார். பத்து வயசு என்றதும் முழித்தார். விஷயத்தைச் சொன்ன பிறகு, பழுப்பு நாய்க்கு மெரூன்தான் எடுக்கும் என்று அவரே நிறமும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதில் அவர் சொன்னது சரி.

சுத்தக் கம்பளிக்கு இருக்கிற பெருமை, நனைந்தாலும் சூடு தரும் என்பது. கொடைக்கானல் சாரலில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி அட்டையாகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி, பரப்பிக் காயப்போட வேண்டும். மதுரையில் மிச்சமிருக்கிற பதினோரு மாதமும் பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும். நாய் உடுப்போ அடிக்கடி துவைக்க வேண்டிய சாமான். சிறுநீர் படும், சேறு படும், காரில் வாந்தி எடுக்கும். இந்தப் பாட்டுக்குக் கம்பளி ஒத்துவராது. ஊரே மலையில் என்றால் யோசிக்கலாம்.

பருத்தியில் பின்னினால்? கெட்டிப் பருத்தி நூல் கை வேலைக்கு அழகாக இருக்கும், தோலுக்கும் நல்லது. ஆனால் பின்னிய பருத்தி கனம். நனைந்தால் இன்னும் கனம், ஒரு நாள் முழுக்கக் காயும், கழுத்துப்பட்டை இரண்டு தடவை போட்டதும் தளர்ந்து தொங்கும். பருத்தி வேண்டுமென்றால் நெய்த துணியே மேல் என்பதால்தான் சுங்குடியைச் சொன்னேன். மில்க் காட்டன் என்று விற்கிற நூல் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது. தொட்டால் பட்டுப்போல் இருக்கும், பொம்மை பின்ன அருமையான நூல், ஆனால் இழைகள் லேசாகப் பிரியும், நாய் நகத்தில் எளிதில் மாட்டும்.

ஆகக் கடைசியில் நிற்பது அக்ரிலிக். வாஷிங் மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும், பூச்சி அரிக்காது, வடிவம் கலையாது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், உருகிப் பளபளவென்று ஆகிவிடும். நாளாக ஆக மேலே சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பும். நாய் அதைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. காற்று போகாது என்ற குறை மதுரையில் பெரிய குறை, மலையில் அதுவே வசதி.

தையல் வகையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயர்கள் அமெரிக்க முறையில் சொல்கிறேன். பழைய இங்கிலீஷ் முறைப் புத்தகங்களில் ஒரு படி தள்ளி இருக்கும், அங்கே டபுள் என்றிருப்பது இங்கே சிங்கிள். சிங்கிள் குரோஷேயில் முழுதும் போட்டால் நெருக்கமாக, விறைப்பாக, பலகை மாதிரி நிற்கும், நாய் வளைய முடியாமல் சிலைபோல நிற்கும். டபுளில் போட்டால் சீக்கிரம் வளரும், ஆனால் சந்து பெரிது, காற்றும் புகும், நகமும் புகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஹாஃப் டபுள்தான் உடம்புக்கு. கழுத்துக்கு மட்டும், பின்பக்கக் கண்ணில் மட்டும் ஊசியை விட்டு, சிங்கிளைக் குறுக்காகப் பட்டையாகப் பின்னிச் சுற்றி இணைத்தால் ரிப் போட்ட மாதிரி இழுபடும். கிரானி ஸ்கொயர் சதுரங்களை இணைத்து நாய்க்குப் போட்டுப் படம் எடுப்பது இப்போது மோகமாக இருக்கிறது. படத்துக்குச் சரி, அத்தனை ஓட்டையில் ஒன்றில் கால்விரல் மாட்டாமல் இருந்தால் அதிசயம்.

அளவு எடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். கழுத்துச் சுற்று, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் அகலமான இடத்தில் சுற்று, கழுத்தடியிலிருந்து வால் முளைக்கிற இடம் வரை முதுகு நீளம், இரண்டு முன்னங்காலுக்கும் இடையில் உள்ள அகலம், காலின் மேல்பகுதிச் சுற்று. வாலுக்கு நாலு செ.மீ. முன்பே உடுப்பை நிறுத்திவிட வேண்டும். ஆண் நாயானால் வயிற்றுப் பக்கத்தை இன்னும் குறைத்து, விலா எலும்பு முடிகிற இடத்திலேயே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் காலைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் நனையும்.

மதினி வீட்டானுக்கு நெஞ்சு 42 செ.மீ. பின்னலுக்குத் தளர்வு 4 செ.மீ. சேர்த்தால் 46. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்ததில் 10 செ.மீ.க்கு 15 கண். 4.6-ஐ 15-ஆல் பெருக்கினால் 69, கணக்குக்கு வசதியாக 70 என்று வைத்துக்கொண்டேன். இந்த மாதிரித் துண்டு பின்னச் சோம்பல்படுகிறவர்கள்தான் கடைசியில் பூனைக்குப் போடுகிற ஸ்வெட்டரோடு முடிக்கிறார்கள். கால் சுற்று 16 செ.மீ. என்றால் ஓட்டையின் வாய் குறைந்தது 21 இருக்கட்டும், அதாவது பிளவு பத்தரை செ.மீ. கால்களுக்கு இடையில் 9 செ.மீ., அதற்கு 14 கண். கழுத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி, மெள்ளக் கூட்டி 70-க்குக் கொண்டு வந்து, அந்த 14-ஐத் தனியாகவும் மீதி 56-ஐத் தனியாகவும் பத்தரை செ.மீ. நேராகப் பின்னி, மறுபடி இணைத்தால் இரண்டு கால் ஓட்டையும் தானே வந்துவிடும். நூல் 150 கிராம் வாங்கினால் மிச்சமும் இருக்கும். வாங்கும்போது எல்லா உருண்டையிலும் சாய எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். மெரூனிலேயே இரண்டு மெரூன் உண்டு.

இதில் இன்னொரு தேர்வு இருக்கிறது. தலை வழியாக மாட்டுவதா, பட்டன் வைப்பதா? தலை வழியாக மாட்டுகிற உருளைதான் பின்னச் சுலபம், காற்றும் புகாது. ஆனால் எல்லா நாயும் தலையைக் கொடுக்காது. மூட்டு வலிக்கிற கிழட்டு நாயின் முன்னங்காலை மடக்கி ஓட்டைக்குள் விடுவது அதற்கும் வேதனை, நமக்கும் கடி வாங்குகிற வாய்ப்பு. இவன் கிழவன் என்பதால் வயிற்றுப் பக்கம் ஒரு ஓரம் திறந்து வைத்துப் பட்டன் போட முடிவு செய்தேன். அதற்காக அந்த உருளையை ஒரு பக்கம் பிளந்து, சுற்றாமல் போய்வந்து பின்னினேன். கண் எண்ணிக்கை மாறவில்லை.

பட்டன் என்றால் பெரிய தட்டைக் கோட்டுப் பட்டன், நூலை நாலு சுற்று கூடுதலாக ஓட்டித் தைத்தது. சட்டைப் பட்டன் வேண்டாம், கடித்து விழுங்கும். வெல்க்ரோ உல்லனையும் மயிரையும் பிடித்து இழுக்கும். டிச் பட்டன் மெல்லிய துணிக்குச் சரி, பின்னலில் இழுத்து ஓட்டை விழும். குஞ்சம், பாம்பாம், தொங்குகிற கயிறு எதுவும் கூடாது. நூல் துண்டை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்து, ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடும். பின்னும்போதும் மிச்ச நூலைத் தரையில் விடாதீர்கள்.

உடம்பைச் சுற்றித் தோல்வார்ப் பட்டை (ஹார்னஸ்) மாட்டுகிற நாயானால் முதுகில், தோளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு வரிசையில் நாலு கண்ணைச் செயின் தையலால் தாண்டிவிட்டு அடுத்த வரிசையில் தொடருங்கள். சங்கிலி மாட்ட அந்தச் சந்து போதும்.

கை பழகியவர்களுக்கு நாலைந்து மாலை வேலை, சீரியல் பார்த்துக்கொண்டே முடிக்கலாம். புதிதாகக் கற்கிறவர்கள் இதில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஒரு செவ்வகம் பின்னப் பழகுங்கள். கழுத்துக்கும் வயிற்றுக்கும் பட்டை வைத்தால் அந்தச் செவ்வகமே ஒரு முதுகுக் கோட்டு. நூலுக்கு ஆகிற காசு ரெடிமேட் விலையைத் தாண்டாது, ஆனால் நேரத்துக்கு யார் விலை போடுவது? விற்பதற்காகப் பின்னுகிறவர்கள் இதில் கூலி பார்ப்பது கஷ்டம். சொந்த நாய்க்கென்றால் கணக்குப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

போட்டுவிடுவது

முதல் தடவை வீட்டில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். சில நாய்கள் அப்படியே உறைந்து நிற்கும், சில பின்பக்கமாகவே நடக்கும். சிரித்து முடித்துவிட்டு, கழுத்தில் இரண்டு விரல் லேசாகப் போகிறதா, அக்குளில் உரசுகிறதா என்று பாருங்கள். போட்டபின் மூச்சிரைத்தாலோ, காதின் உட்பக்கம் சூடாகச் சிவந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். ஆள் இல்லாத வீட்டிலும், இரவு தனியாகப் படுக்கும்போதும் போட்டுவைக்காதீர்கள், கடித்துப் பிய்க்கும்.

நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: உண்ணி. உடுப்புக்கு அடியில், அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் அதற்குச் சொகுசான இடம். கழற்றும்போதெல்லாம் அந்த இடங்களை விரலால் தடவிப் பாருங்கள், உடுப்பையும் உதறி வெயிலில் போடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் மதுரையிலேயே மாட்டிவிட்டுக் காரில் ஏற்ற வேண்டாம். வத்தலக்குண்டு வரை சமவெளிச் சூடு, அதற்குப் பிறகு கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி எடுத்தால் முதலில் நனைவது ஸ்வெட்டர்தான். அதைப் பையிலேயே வைத்திருங்கள். பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தும்போது காற்றே சொல்லிவிடும். அங்கே இறக்கி, ஒன்றுக்குப் போக விட்டு, அப்புறம் மாட்டுங்கள். இறங்கும்போதும் வத்தலக்குண்டு வருவதற்குள் கழற்றிவிடுங்கள்.